கை நனைத்த கப்பல்

சோமனூர்,
கார்த்திகை மாதம், 1958.

பம்பாயில் பஞ்சு வியாபாரக் கம்பெனியில் பெரிய உத்தியோகத்தில் இருப்பவரும், என் மனைவி குழந்தையம்மாளின் உடன்பிறந்த தம்பியுமான மாப்பிள்ளை அப்புசாமி அவர்களுக்கு, தறிக்கூடம் பொங்கியண்ணன் வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இங்கே நானும் உங்கள் அக்காளும் ராசாத்தாளும் எருமைகளும் சௌக்கியம். சௌக்கியம் என்று தொடங்குவதுதான் மரியாதை என்பதால் அப்படி எழுதினேன். உண்மையைச் சொன்னால் எருமைகள் மட்டும்தான் சௌக்கியம். தாங்களும் தங்கள் வீட்டாரும் அங்கே சுகமாக இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். இருக்கத்தானே செய்வீர்கள், தீயை மூட்டியவர் தூரத்தில் அல்லவா உட்கார்ந்திருக்கிறீர்கள்.

எந்தத் தீ என்று கேட்காதீர்கள். போன ஆனி மாதம் ஒரு கார்டு போட்டீர்களே, அந்தத் தீதான். "ராசாத்தாள் பி.ஏ. பாஸ் செய்தால் சிநேகிதிகளோடு கப்பலில் ஏற்றிப் பம்பாய்க்கு அனுப்புங்கள், கடல் காற்று உடம்புக்கு நல்லது" என்று எழுதியிருந்தீர்கள். கவரில் வைத்து ஒட்டி அனுப்பியிருந்தால் நான் ஒருவனே படித்துவிட்டு எருமைக்குப் போட்டிருப்பேன். கார்டு என்பதால் தபால்காரர் வழியெல்லாம் படித்துக்கொண்டு வந்து, வாசலில் நின்ற ராசாத்தாளிடம், "ஏனுங்க அம்மணி, மாமன் கப்பல்ல கூப்புடறாராமா!" என்று சொல்லிவிட்டுத்தான் கார்டையே நீட்டினார். இது இப்படி இருக்க, பரீட்சை முடிவு வருவதற்கு முன்னால் நான் ஒரு காரியம் செய்திருந்தேன். தறிக்கூடத்து ஆட்கள் அத்தனை பேருக்கும் முன்னால், முதல் வகுப்பில் பாஸ் செய்தால் என்ன கேட்டாலும் வாங்கித் தருவேன் என்று மகளுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். அட்டிகை கேட்பாள், மிஞ்சிப்போனால் ரேடியோ கேட்பாள் என்று நினைத்தேன். முதல் வகுப்பும் வந்தது. கப்பல்தான் கேட்டாள்.

அவள் ஒருத்தி என்றால் எப்படியோ சமாளித்திருப்பேன். காலேஜ் விடுதியில் ஒரே அறையில் இருந்த நான்கு பேரும் சேர்ந்து முடிவு செய்திருக்கிறார்கள். நம் ராசாத்தாள், பீளமேட்டு நரசிம்மலு நாயுடுவின் மகள் பத்மாவதி, பல்லடத்துத் தெய்வாத்தாள், கோயமுத்தூர் பக்ருன்னிசா. தை பிறந்துவிட்டால் ஆளுக்கொரு பக்கம் கல்யாணமாகிப் போய்விடுவோம், அதற்குள் நாலு பேரும் சேர்ந்து ஒரு தடவை கடலில் போக வேண்டும் என்பது அவர்கள் பிடிவாதம். உங்கள் மருமகள் என்னிடம் வந்து, "எந்தக் கப்பல்னு நீங்களே பாத்துச் சொல்லுங்கப்பா. நீங்க பாத்தா தப்பாகாது" என்றாள். இருபது வயதுப் பெண், பி.ஏ. படித்தவள், எட்டாம் வகுப்போடு நின்ற என்னிடம் வந்து இப்படிச் சொன்னால் நான் என்ன செய்வேன்? கடலையே பார்த்திராத நான், அந்த நிமிஷமே கப்பல் பார்ப்பதென்று முடிவு செய்துவிட்டேன். முடிவு செய்துவிட்டால் பொங்கியண்ணன் பின்வாங்க மாட்டான் என்பது உங்கள் அக்காளைக் கட்டிய நாளிலிருந்து உங்களுக்குத் தெரியும்.

கோயமுத்தூரில் பிரயாண ஏஜெண்டு ஒருவரைப் பிடித்தோம். அவர் கலர் படம் போட்ட தாள்கள் இரண்டை எடுத்துக் காட்டி, கொச்சியிலிருந்து பம்பாய் போகும் கப்பல்கள் இவை, இரண்டில் ஒன்றைச் சொல்லுங்கள் என்றார். இரண்டு தாளிலும் ஒரே வெள்ளைக்காரி ஒரே நாற்காலியில் சாய்ந்து சிரித்துக்கொண்டிருந்தாள். ஒரே அம்மணி ஒரே நேரத்தில் இரண்டு கப்பலில் எப்படிப் போவாள் என்று கேட்டேன். ஏஜெண்டு விசிறியை வேகமாக வைத்தார். அங்கேயே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. இதற்கிடையில் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு நிபந்தனை வந்து சேர்ந்தது. நாயுடு மோட்டார் பம்பு செய்கிறவர், அதனால் எஞ்சினைத் தன் காதால் கேட்காமல் மகளை ஏற்ற மாட்டேன் என்றார். பக்ருன்னிசாவின் அம்மா, பெண்கள் அறைக்கு உள்தாழ்ப்பாள் இருக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினார், இருந்ததிலேயே புத்தியுள்ள நிபந்தனை அது ஒன்றுதான். தெய்வாத்தாளின் அப்பா, நடு வழியில் உடம்புக்கு ஏதாவது என்றால் இறங்கிப் பஸ் பிடிக்க வசதி உண்டா என்று கேட்டார். உங்கள் அக்காள், கப்பலில் விடியற்காலை வெந்நீர் கிடைக்குமா என்று கேட்டாள். இத்தனைக்கும் பதில் கலர் படத்தில் இல்லை. பெண்ணைப் படத்தில் பார்த்தா சம்பந்தம் செய்கிறோம்? நேரில் போய்ப் பார்த்துவிட்டு வருவதென்று நானும் நாயுடுவும் உங்கள் அக்காளும் புறப்பட்டுவிட்டோம்.

போத்தனூரில் ரயிலேறும்போதே நான் ஒரு கட்டுப்பாடு சொன்னேன். பம்பாயில் இருந்து இருந்து உங்களுக்கு மறந்திருக்கும், அதனால் விளக்கமாக எழுதுகிறேன். நம் பக்கத்தில் சம்பந்தம் பேசப் போனால், பேச்சு முடிவாகும்வரை அந்த வீட்டில் கை நனைக்க மாட்டோம். எத்தனை பெரிய வீடானாலும், என்ன விருந்து போட்டாலும், தண்ணீர் மட்டும் குடித்துவிட்டு எழுந்துவிடுவோம். கை நனைத்துவிட்டால் சம்மதம் என்று அர்த்தம், அப்புறம் மாற்றிப் பேசினால் நாலு பேர் நம்மை மனிதனாக மதிக்க மாட்டார்கள். கப்பல் பார்ப்பதற்கும் அதுதான் கட்டுப்பாடு, எந்தக் கப்பலிலும் காப்பிகூடக் கூடாது என்றேன். நாயுடு, "அது கல்யாணத்துக்கு சரிங்க, கப்பலுக்கு எதுக்குங்க?" என்றார். "நம்ம நாலு வூட்டுப் புள்ளைகளக் குடுக்கறமுங்க. கல்யாணமா இருந்தா ஒரு புள்ளைதான் போகும்" என்றேன். உங்கள் அக்காளுக்கு அன்று கார்த்திகைச் சோமவார விரதம், அதனால் அவளுக்கு இதில் கஷ்டம் ஒன்றும் இல்லை.

முதல் கப்பல் வெள்ளை வெளேரென்று மாடி மேல் மாடியாக நின்றது. சுற்றிக் காட்ட வந்த அதிகாரிக்குத் தமிழ் தெரிந்திருந்தது. மரியாதையான மனிதர், வந்தவுடனே காப்பியும் பிஸ்கட்டும் கொண்டுவரச் சொன்னார். "பேச்சு முடியட்டுமுங்க" என்று நான் கையை மடியில் வைத்துக்கொண்டேன். அவர் நாயுடுவிடம் நீட்டினார். நாயுடு பிஸ்கட்டைப் பார்த்துப் பெருமூச்சு விட்டு வேண்டாம் என்றார். பிறகு நான் விசாரிக்கத் தொடங்கினேன். கப்பலுக்கு வயசு என்ன என்று கேட்டேன். இருபது என்றார். "கொறைச்சுத்தான் சொல்லுவாங்க" என்று உங்கள் அக்காள் என் காதில் சொன்னாள். முதலாளி யார், எந்த ஊர்க்காரர் என்று கேட்டதற்கு, இதற்கு முன் இரண்டு கம்பெனியிடம் இருந்துவிட்டு இப்போதுதான் இவர்களிடம் வந்திருக்கிறது என்றார். இரண்டு இடத்தில் நிலைக்காதது மூன்றாம் இடத்தில் எப்படி நிலைக்கும் என்று எனக்கு யோசனையாகிவிட்டது. அதையும் பொறுத்துக்கொண்டேன். மேலே போனால், இரண்டு பக்கமும் வரிசையாகச் சின்னப் படகுகளைக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள். எதற்கு என்று கேட்டேன். கப்பல் முழுகினால் தப்பிக்க என்று சிரித்துக்கொண்டே சொல்கிறார், மாப்பிள்ளை! "ஏனுங்க, உங்க கப்பல் மேல உங்களுக்கே நம்பிக்கை இல்லீங்களா?" என்று கேட்டேன். எல்லாக் கப்பலிலும் இருக்கும், இது சட்டம் என்றார். சட்டமே போட்டு வைக்கிற அளவுக்கு முழுகியிருக்கிறது என்றுதானே இதற்கு அர்த்தம்? வேண்டாம் என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டோம்.

இரண்டாவது கப்பல் சரக்கு ஏற்றுகிற கப்பல், அதில் பிரயாணிகளுக்கென்று சில அறைகள். அதிலும் படகு தொங்கியது. ஆனால் நாயுடு, சட்டம் சட்டம்தான், அதைப் பார்த்தால் ஆகாது என்று என்னை அடக்கிவிட்டு எஞ்சின் அறைக்குள் இறங்கினார். போனவர் போனவர்தான். எஞ்சின் மேல் கையை வைத்துக்கொண்டு கண்ணை மூடி நின்றாராம். ஏறி வந்து, "தங்கமுங்க. இந்த எஞ்சினுக்கே நான் பொண்ணக் குடுப்பேன்" என்றார். உள்தாழ்ப்பாள் இருந்தது. வெந்நீரும் உண்டென்றார்கள். எனக்கே ஏறக்குறையச் சம்மதம் வந்துவிட்ட சமயத்தில் கேப்டன் வந்து கை கொடுத்தார். முப்பது வயதிருக்கும், நல்ல உயரம், பல் வரிசையாக இருந்தது. எத்தனை குழந்தைகள் என்று கேட்டேன். இன்னும் கல்யாணமே ஆகவில்லை என்றார். நான் உங்கள் அக்காளைப் பார்த்தேன், அவள் என்னைப் பார்த்தாள், இரண்டு பேரும் படிக்கட்டைப் பார்த்து நடந்தோம். கல்யாணமாகாத கேப்டன் கப்பலில் நான்கு பெண்களை ஏற்றிவிட்டு நான் சோமனூரில் தூங்குவேனா? நாயுடுதான் எஞ்சினைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தார். அந்தக் கப்பலில் முந்திரி போட்ட கேக்கு கொடுத்தார்கள். அதையும் தொடவில்லை.

ஆக, நானும் நாயுடுவும் விடியலில் ரயிலில் தின்ற இட்லியோடு உச்சி வெயிலில் துறைமுகத்து மேடையில் நின்றோம். நாயுடு என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார். அப்போது பக்கத்திலிருந்து, "ஏனுங்க, நம்ம பக்கமுங்களா?" என்று ஒரு குரல் கேட்டது. எனக்கு உடம்பெல்லாம் குளிர்ந்துவிட்டது மாப்பிள்ளை. காலையிலிருந்து மலையாளமும் இங்கிலீஷுமாகக் கேட்டுக் கேட்டு நொந்த காதுக்கு அந்த ஒரு ஏனுங்க போதும். திரும்பினால் காக்கிக் கால்சட்டை போட்ட ஒருவர் நிற்கிறார். பெயர் லட்சுமணசாமி, பல்லடம் பக்கத்துக்காரர், துறைமுகத்தில் எஞ்சினியர். இரண்டு நிமிஷம் பேசியதில் நாயுடுவுக்குத் தூரத்து உறவு என்றும் தெரிந்துவிட்டது. "வெயில்ல நிக்காதீங்க, வாங்க, நம்ம எடத்துல ஒக்காந்து பேசலாமுங்க" என்று ஒரு பலகை வழியாக அழைத்துப் போனார். உள்ளே ஒரு சின்ன அறை, மேசை, மின்விசிறி. அவர் மனைவி கனகம் அன்றைக்குச் சாப்பாடு கொண்டு வந்திருந்தாள். அரிசியும் பருப்பும் சாதம், நெய், கொள்ளு ரசம், சுட்ட அப்பளம். கொச்சியில், மாப்பிள்ளை, கொள்ளு ரசம்! "ஒறவுக்காரங்க ஒறம்பரை வந்துபோட்டு சும்மா போகப்படாதுங்க" என்று அந்த அம்மணி இலையைப் போட்டாள். நானும் நாயுடுவும் உட்கார்ந்துவிட்டோம். மூன்றாவது முறை சாதம் வாங்கி, ரசத்தைக் கையில் ஊற்றிக் குடித்துக்கொண்டிருந்தபோது, விரதத்தோடு ஓரமாக உட்கார்ந்திருந்த உங்கள் அக்காள் ஜன்னல் வழியாக வெளியே பார்த்துவிட்டு, "ஏனுங்க, சுத்தியும் தண்ணியா இருக்குதுங்க. நாம கப்பல்ல இருக்கறமுங்க. கை நனைச்சுப்போட்டீங்களே!" என்றாள்.

ஆமாம். அதுவும் ஒரு கப்பல்தான். லட்சுமணசாமி அந்தக் கப்பலின் எஞ்சினியர். கை ஈரம் காயவில்லை, என்ன கப்பலுங்க இது என்று கேட்டேன். துறைமுகத்தில் சேறு சேர்ந்துவிட்டால் பெரிய கப்பல்கள் உள்ளே வர முடியாதாம். அந்தச் சேற்றைக் குழாய் போட்டு உறிஞ்சி எடுத்துத் தூர் வாருகிற கப்பலாம் இது. நாம் வருஷா வருஷம் கிணறு தூர் வாருகிறோமே, அதே வேலை, கடலுக்கு. வயிறு நிறையச் சேற்றை வாங்கிக்கொண்டு துறைமுக வாய்வரை போகும், அங்கே கொட்டிவிட்டுத் திரும்பிவிடும், சாயங்காலம் அதே மேடையில் வந்து நின்றுவிடும். எங்கும் போகாது. இதைக் கேட்டதும் எனக்கு மனசுக்குள் ஒரு நிம்மதி வந்தது பாருங்கள், இத்தனை மாசத்தில் அப்படி ஒரு நிம்மதி வந்ததில்லை. மற்றக் கப்பல்கள் சும்மா ஊர் சுற்றுகின்றன, இது உழைக்கிற கப்பல். கரை கண்ணை விட்டு மறையாது. லட்சுமணசாமி கல்யாணமானவர். நம் ஊர்ச் சாப்பாடு. கை நனைத்தாகிவிட்டது, இனிப் பேச்சில்லை, நம் பிள்ளைகள் போகிற கப்பல் இதுதான் என்று அந்த இலைக்கு முன்னாலேயே எழுந்து நின்று சொல்லிவிட்டேன். லட்சுமணசாமிக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனால் சந்தோஷப்பட்டார். நாயுடுதான் என்னை ஓரமாக இழுத்து, "ஏனுங்க, சேத்தைக் கொட்டறதுக்கு இந்தக் கப்பலோட அடியில கதவு இருக்குதாமுங்க. மேல படகு தொங்குதுன்னு ஒரு கப்பலை வேண்டாமுன்னீங்க. அடியில கதவு இருக்கற கப்பலுக்குச் சரீங்கறீங்க!" என்றார். "கை நனைக்கறதுக்கு முந்தி சொல்லியிருக்கோணுமுங்க" என்றேன். அவரும் நனைத்தவர்தானே.

வீட்டுக்கு வந்த மறுநாளே நான்கு பெண்களையும் வரவழைத்து விஷயத்தைச் சொன்னேன். தறிக்கூடத்தில், ரயிலடியில், மாரியம்மன் கோயிலில் என்று ஊர் பூராவும் முன்னாடியே சொல்லியாகிவிட்டது. பொங்கியண்ணன் கை நனைத்துவிட்டான் என்று எல்லாருக்கும் தெரியும். பக்ருன்னிசா, "அது எந்தெந்த ஊருக்குப் போகுமுங்க மாமா?" என்று கேட்டாள். "ஊருக்கெல்லாம் போகாது கண்ணு. காலையில ஏறுனா துறைமுக வாய் வரைக்கும் போய், சாயங்காலம் எறங்கிரலாம். எத்தனை நாள் வேணுமோ அத்தனை நாள் ஏறிக்கலாம்" என்று சந்தோஷமாகச் சொன்னேன். பத்மாவதி தன் அப்பாவைப் பார்த்தாள். அவர் எங்கள் வீட்டுக் காலண்டரைப் பார்த்தார். மகளோடு வந்திருந்த தெய்வாத்தாளின் அப்பாவுக்கு மட்டும், எப்போது வேண்டுமானாலும் இறங்கிப் பஸ் பிடிக்கலாம் என்பதில் பரம திருப்தி. நம் ராசாத்தாள் சண்டை போடுவாள் என்று எதிர்பார்த்து நான் பதில் எல்லாம் தயாராக வைத்திருந்தேன். அவள் சண்டை போடவில்லை. மற்ற மூன்று பேரும் போன பிறகு வந்து, "நீங்க வேண்டாமுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, நான் அழுதுட்டு உட்டுருப்பேனுங்கப்பா. இப்படிக் கப்பல் பாக்கறாப்பல பாத்துட்டு வந்து சொல்றீங்களே" என்றாள். அவ்வளவுதான். அன்றிலிருந்து சாப்பிடுகிறாள், வேலை செய்கிறாள், கேட்டால் பதில் சொல்கிறாள், ஆனால் தானாக வந்து ஒன்றும் சொல்வதில்லை. தறிக்கூடத்துக்கு மத்தியானம் மோர் கொண்டு வந்து கொடுத்துவிட்டுப் பத்து நிமிஷம் கதை பேசுவாளே, இப்போது சொம்பை வைத்துவிட்டுப் போய்விடுகிறாள். எனக்கு அந்த மோர் இறங்குவதே இல்லை.

உங்களிடம் மறைத்து என்ன ஆகப் போகிறது, மாப்பிள்ளை. எனக்குப் பயம். கடலைப் பார்த்து மட்டும் பயமில்லை, பம்பாயைப் பார்த்தும் பயம். நீயும் இப்படித்தான், ஒரு தடவை பார்த்துவிட்டு வருகிறேன் என்று போனாய். போத்தனூரில் வண்டி ஏற்றிவிட்டது நான்தானே, எனக்கு மறக்குமா? பார்த்துவிட்டு வந்தாயா? பெரிய உத்தியோகம், பெரிய வீடு, வருஷத்துக்கு ஒரு தடவை மாரியம்மன் நோம்பித் திருவிழாவுக்கு விருந்தாளியாக வந்து, எங்கள் தண்ணீரைக் கொதிக்க வைத்துத் தரச் சொல்கிறாய். தை பிறந்தால் ராசாத்தாளைப் பார்க்க வருகிறார்கள், நல்ல இடம், முடிந்துவிடும் போலத்தான் இருக்கிறது. அதற்குப் பிறகு அவள் அந்த வீட்டுப் பெண். அதுவரைக்குமாவது என் கண்ணுக்கு எட்டுகிற தூரத்தில் இருக்கட்டுமே என்று நினைப்பது ஒரு குற்றமா? (கோபத்தில் நீ என்று எழுதிவிட்டேனாம், உங்கள் அக்காள் பக்கத்திலிருந்து பார்த்துவிட்டுத் திட்டுகிறாள். மேலே நீ வரும் இடத்திலெல்லாம் நீங்கள் என்று படித்துக்கொள்ளவும்.)

ஆகையால் என் தீர்மானம் இதுதான், இதில் மாற்றம் இல்லை. நான் கொடுத்த வாக்கு கப்பலில் ஏற்றுவேன் என்பது, ஏற்றுவேன். எங்கே போகிற கப்பல் என்று நான் வாக்குக் கொடுக்கவில்லை. கை நனைத்த கப்பல் இருக்க, வேறு கப்பலைப் பற்றி இனி என் வீட்டில் யாரும் பேசக் கூடாது. நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. ராசாத்தாளுக்குத் தனியாக ஒரு கடிதம் எழுதுங்கள். இந்தத் தடவை கவரில் எழுதுங்கள். பம்பாயில் பார்க்க ஒன்றும் இல்லை, கடல் எங்கே பார்த்தாலும் ஒரே தண்ணீர்தான், உன் அப்பா பார்த்த கப்பல்தான் உத்தமமான கப்பல் என்று நீங்கள் எழுதினால் அவள் கேட்பாள். என் பேச்சைவிட இப்போது உங்கள் பேச்சுக்குத்தான் மதிப்பு. எழுதாவிட்டால் வருகிற நோம்பிக்கு உங்களுக்கு வெந்நீர் கிடையாது.

உங்கள் தொழில் மேலும் மேலும் ஓங்கவும், அங்கே உள்ள அம்மணிக்கும் குழந்தைகளுக்கும் நோய் நொடி அண்டாமல் இருக்கவும், சோமனூரில் ஒரு அக்காளும் அவளைக் கட்டியவனும் இருக்கிறார்கள் என்ற நினைப்பு உங்களுக்கு அடிக்கடி வரவும் மாரியம்மனை வேண்டிக்கொள்கிறேன். நாயுடு தன் வணக்கத்தைச் சொல்லச் சொன்னார். அந்த இரண்டாவது கப்பலின் எஞ்சினைப் பற்றியும் எழுதச் சொன்னார், நான் எழுத மாட்டேன்.

இப்படிக்கு,
தங்கள் நலம் நாடும்,
பொங்கியண்ணன்.

பின் குறிப்பு: மேலே எழுதியதில் எருமைகள் சௌக்கியம் என்பதைத் தவிர மற்றதை எல்லாம் அடித்துவிடவும். கடிதத்தை ஒட்டப் போகிற நேரத்தில் நாயுடுவின் கார் வந்து நின்றது. லட்சுமணசாமியும் கனகமும் பல்லடத்துக்கு லீவில் வந்தவர்கள், நம்மைப் பார்த்துவிட்டுப் போக வந்திருந்தார்கள். லட்சுமணசாமி உட்காருவதற்குள், "ஏனுங்க, நல்ல சேதிங்க! நம்ம கப்பலோட அடி தேஞ்சுபோச்சுங்க!" என்றார். இது எந்த ஊரில் நல்ல சேதி என்று விழித்தேன். ரிப்பேருக்குப் பம்பாய்க்குக் கொண்டு போகிறார்களாம். அறைகள் காலியாக இருக்கின்றன, கனகமும் உடன் வருகிறாள், "நம்ம ஊர்க்காரங்க, நம்ம கப்பல்லதான் போவோமுன்னு ஒத்தக் கால்ல நிக்கறாங்க" என்று மேலதிகாரியிடம் சொல்லி அவர் அனுமதியும் வாங்கிவிட்டாராம். "அந்த வெள்ளைக் கப்பல் வேகமெல்லாம் வராதுங்க. இது ஆடி அசைஞ்சு, நாளு கூடத்தான் ஆகும். கடல நல்லாப் பாக்கலாமுங்க" என்றார். அடி தேய்ந்த கப்பலிலா, அடியில் கதவு வைத்த கப்பலிலா, அதுவும் பம்பாய்க்கா என்று நான் நாயுடுவைப் பார்த்தேன். அந்த மனுஷன் நான் இருந்த பக்கமே திரும்பாமல், "கை நனைச்சாச்சுங்களே" என்றார். ஊர் பூராவும் சொல்லி வைத்தவன் நான். இனி மாற முடியுமா? மாற மாட்டேன். பொங்கியண்ணன் பெண் தன் மூன்று சிநேகிதிகளோடு அந்தக் கப்பலில்தான் பம்பாய் வருகிறாள்.

ராசாத்தாள் உள்ளே போய்ப் பரண் மேலிருந்த டிரங்குப் பெட்டியை இறக்கினாள். சற்று நேரம் கழித்து எட்டிப் பார்த்தேன். சேலைகளுக்கு அடியில் என் வேட்டிகளும் கம்பளியும் இருந்தன. "இதெல்லாம் எதுக்கு கண்ணு?" என்று கேட்டேன். "நீங்க கரையில நின்னுட்டு இருந்தா, நான் கடல எங்கீங்கப்பா பாப்பேன்? உங்களையேதான் பாத்துட்டு நிப்பேன்" என்றாள். இத்தனை நாளைக்கு அப்புறம் அவள் மனசு விட்டுப் பேசிய பேச்சு அதுதான். நான் வேட்டியை வெளியே எடுக்கவில்லை, மாப்பிள்ளை. உங்கள் அக்காளும் வருகிறாள், அவள் பெட்டி எனக்கு முன்பே கட்டியாகிவிட்டது. துறைமுகத்துக்கு வந்து நில்லுங்கள்.